காசநோயும் வீட்டுச் சோறும்

உணவையும் உடல்நலத்தையும் பற்றி அண்மைக் காலத்தில் நாளிதழ்களில் அடிபடும் மருத்துவ ஆய்வுகளில் மிகப் பல, அதிகம் உண்பவர்களைப் பற்றியவை. எண்ணெயைக் குறைப்பது, சர்க்கரையை விடுவது, இரவுச் சாப்பாட்டை முன்னதாக முடிப்பது என்று அவற்றின் அறிவுரைகள் நீளும். 2023 ஆகஸ்ட் மாதம் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வு இதற்கு எதிர்த்திசையில் போனது. வயிறார உண்ண வழியில்லாத வீடுகளைத் தேடிச் சென்று, அங்கே மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்தால் காசநோய் குறையுமா என்று அது கேட்டது. குறையும் என்ற விடையும் கிடைத்தது. ஜார்க்கண்டில் நடந்த அந்த ஆய்வுக்கு ‘ரேஷன்ஸ்’ என்று பெயர். அதன் முடிவுகளையும், அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் நடந்த இன்னொரு ஆய்வையும் சேர்த்துப் பார்ப்பது இந்தச் சொற்பொழிவின் நோக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இவ்வளவு எளிய ஒரு கேள்வியைக் கேட்க மருத்துவ உலகம் ஏன் இத்தனை காலம் எடுத்துக்கொண்டது என்பது விளங்கும்.

காசநோய்க்கு மருந்தில்லாத காலத்தில் உணவுதான் மருந்து. சானடோரியங்கள் எல்லாம் அந்த நம்பிக்கையில் எழுந்தவை. ஓய்வு, நல்ல காற்று, பால், முட்டை, இறைச்சி என்று நோயாளியின் உடலைத் தேற்றுவதே அங்கே வைத்தியம். 1928இல் தாம்பரம் சானடோரியத்தை நிறுவிய டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியிலும் இப்படியொரு சானடோரியத்தை நடத்தியவர். 1917இல் கணிதமேதை இராமானுஜன் அங்கே அனுப்பப்பட்டார். காசநோய் என்று கருதி அவரை அனுப்பினார்கள். அவருக்கு இருந்தது வேறு நோயாக இருக்கலாம் என்று பின்னாளில் மருத்துவர்கள் வாதிட்டிருக்கிறார்கள். எப்படியானாலும், போர்க்கால இங்கிலாந்தில் மரக்கறி மட்டுமே உண்ணும் ஒரு தமிழருக்கு ஏற்ற சாப்பாடு கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதை அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்தவர்கள் அறிவார்கள்.

ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோநயாசிட் என்று 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் மருந்துகள் ஒவ்வொன்றாக வந்தன. அப்போது இந்தியாவின் முன்னால் ஒரு பெரிய கேள்வி நின்றது. நோயாளிகள் பல லட்சம். சானடோரியப் படுக்கைகளோ சில ஆயிரம். இருக்கும் மருந்தை வீட்டிலேயே கொடுத்துக் குணப்படுத்த முடியுமா?

இதைச் சோதித்துப் பார்க்கவே 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் கைகோத்த முயற்சி அது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அதை வழிநடத்தினார். இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று அறியப்படுவது அந்த மையம்தான். முதல் ஆய்வில் 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவதற்கு ஒப்பான முறையில் அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் சானடோரியத்தில் ஓராண்டு இருந்தார்கள். மறுபாதியினர் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்து, அதே மருந்தை அதே அளவில் உட்கொண்டார்கள்.

ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதத்தினருக்கும், வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதத்தினருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டிலிருந்தவர்களின் சாப்பாடு சானடோரியச் சாப்பாட்டைவிடத் தரத்திலும் அளவிலும் குறைவு. அவர்களுக்கு ஓய்வும் குறைவு. எடை கூடியதும் குறைவு. அப்படியிருந்தும் மருந்து தன் வேலையைச் செய்தது. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பதையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே மையம் நிறுவியது.

உலகக் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றிய ஆய்வு இது. ஏழை நாடுகளின் கோடிக்கணக்கான நோயாளிகள் குடும்பத்தைப் பிரியாமல், படுக்கைக்காகக் காத்திராமல் மருந்து பெற முடிந்தது இதனால்தான். சென்னை தாராளமாகப் பெருமைப்படலாம்.

ஆனால் அந்த ஆய்வு சொன்னதைவிட அதிகமாக அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கிருமியைக் கொல்லும் மருந்தை ஒழுங்காக உட்கொண்டால், எளிய சாப்பாடு சாப்பிடுபவருக்கும் சளியில் கிருமி அடங்கும் என்பதுதான் அது நிறுவியது. அது ‘காசநோய்க்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை’ என்று பாடப்புத்தக மொழியில் சுருங்கிப்போனது. யாருக்கு நோய் வருகிறது, யார் சிகிச்சையின் தொடக்கத்திலேயே இறந்துபோகிறார்கள், குணமானவர் மறுபடி மூட்டை தூக்க முடிகிறதா என்ற கேள்விகளைச் சென்னை ஆய்வு எடுத்துக்கொள்ளவே இல்லை. அந்தக் கேள்விகள் பல பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. 2016இல் உலகளாவிய ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்ட காக்ரேன் குழுவும், காசநோயாளிக்குக் கூடுதல் உணவு கொடுப்பதால் இறப்பு குறைகிறதா என்று தீர்மானிக்கப் போதிய சான்று இல்லை என்றுதான் எழுதியது. முறையாகத் தேடாததால் கிடைக்காத சான்று அது.

தேடியவர்களில் முக்கியமானவர்கள் மருத்துவர்களான அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும். சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கத்தில் கனியாரி என்ற ஊரில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் அமைப்பின் மருத்துவமனை இருக்கிறது. அங்கே வந்த 1,695 நுரையீரல் காசநோயாளிகளின் எடையை இவர்களும் சேர்ந்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2013இல் வெளிவந்தது. ஆண்களில் பாதிப்பேரின் எடை சுமார் 42 கிலோவுக்குக் கீழே. பெண்களில் பாதிப்பேர் சுமார் 34 கிலோவுக்குக் கீழே. வளர்ந்த மனிதர்களின் எடை இது. நோய் கண்டறியப்பட்ட நாளில் மிக மோசமாக மெலிந்திருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் இரு மடங்கு என்பதையும் அந்தக் கட்டுரை காட்டியது.

மெலிவு நோயால் வந்ததா, மெலிவால் நோய் வந்ததா? மருத்துவர்கள் எப்போதும் எழுப்பும் நியாயமான ஐயம் இது. காசநோய் பசியைக் கொல்லும், உடலை உருக்கும். நோயாளியின் எடையை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல இயலாது. நோய் இன்னும் வராதவர்களுக்கு உணவு கொடுத்துப் பார்க்க வேண்டும். ரேஷன்ஸ் ஆய்வின் வடிவம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

காசநோய்க் கிருமி உடலுக்குள் நுழைந்த எல்லோரும் நோயாளியாகிவிடுவதில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 31 சதவீதத்தினருக்கு அந்தத் தொற்று இருக்கிறது. பெரும்பாலோர் உடலில் கிருமி ஆயுள் முழுதும் உறங்கியே கிடக்கும். உடலின் காவல் தளரும்போது அது விழித்துக்கொள்கிறது. பட்டினி அந்தக் காவலைத் தளர்த்தும் விதம் இன்று ஓரளவு தெரியும். உடலில் கொழுப்பு வற்றும்போது லெப்டின் என்ற சுரப்பு குறைகிறது. அது குறைந்தால் டி வகை வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. கிருமியைச் சுற்றிக் கோட்டை கட்டி அடைத்து வைப்பதில் இந்த அணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஊட்டம் குறைந்தவர்களில் தைமஸ் சுரப்பி சுருங்குவதையும் நோயியல் வல்லுநர்கள் நெடுங்காலமாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியீட்டெண் ஒரு புள்ளி கூடினால் காசநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 14 சதவீதம் குறைகிறது என்று 2010இல் பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

பழைய சான்றுகளும் இல்லாமல் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியச் சிறை முகாம்களில் பிரிட்டிஷ் வீரர்களும் ரஷ்ய வீரர்களும் அடைபட்டிருந்தார்கள். முகாமில் கொடுத்த சொற்ப உணவுக்கு மேல் பிரிட்டிஷ் வீரர்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பொட்டலங்கள் வந்தன. ரஷ்யர்களுக்கு வரவில்லை. ரஷ்யர்களிடையே காசநோய் பல மடங்கு அதிகமாக இருந்ததை லேட்டன் என்ற மருத்துவர் 1946இல் பதிவு செய்தார். இங்கிலாந்தின் பேப்வொர்த் குடியிருப்பில் காசநோயாளிகளுக்கு வீடும் வேலையும் நல்ல உணவும் கொடுத்துக் குடும்பத்தோடு வாழவைத்தார்கள். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தொற்று ஏற்பட்டது. நோய் மிக அரிதாகவே வந்தது. ஆனால் இவை எல்லாம் அமைந்துவந்த சூழ்நிலைகளைப் பார்த்துச் சொன்னவை. திட்டமிட்ட சோதனை ஒன்று தேவைப்பட்டது.

2019 ஆகஸ்டில் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில், 28 காசநோய் அலகுகளில் அது தொடங்கியது. சளியில் கிருமி உறுதி செய்யப்பட்ட 2,800 நோயாளிகளும் அவர்களுடைய வீடுகளில் வாழ்ந்த 10,345 பேரும் அதில் இடம்பெற்றார்கள். குடும்பத்தாரில் மூன்றில் இரண்டு பங்கினர் சந்தால், ஹோ, முண்டா, ஒராவன், பூமிஜ் போன்ற பழங்குடிகள். மூன்றில் ஒருவர் ஏற்கனவே ஊட்டக்குறைவோடு இருந்தார். சென்னையின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இந்த ஆய்வில் பங்கேற்றது. 1950களின் கேள்விக்கு விடை தந்த நிறுவனமே, அப்போது கேட்காமல் விட்ட கேள்விக்கும் விடை தேடியது மகிழ்ச்சி தரும் செய்தி.

நோயாளிகள் அனைவருக்கும், எந்தப் பிரிவில் இருந்தாலும், மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். அரிசி, பருப்பு, பால்மாவு, எண்ணெய், கூடவே சத்து மாத்திரை. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு ஓராண்டு. நோயாளிக்குச் சோறு கொடுக்காமல் வைத்து ஒப்பிடுவது அறமாகாது என்பதால் இந்த ஏற்பாடு. வேறுபாடு குடும்பத்தாரில்தான். பாதி அலகுகளில் அவர்கள் வழக்கம்போல் உண்டார்கள். மறுபாதியில் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை.

இதை நாள் கணக்காக்கிப் பார்த்தால், ஒருவருக்கு ஏறக்குறைய 165 கிராம் அரிசியும் 50 கிராம் பருப்பும். ஒரு ஆழாக்கு அரிசியும், சாம்பாருக்குப் போடும் ஒரு கைப்பிடிப் பருப்பும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆற்றல் 750 கலோரி, புரதம் 23 கிராம். இறக்குமதிச் சத்துமாவு எதுவும் இதில் இல்லை. நோயாளிக்கான பொருளின் விலை அன்றைய கணக்கில் மாதம் 13 டாலர், குடும்பத்தில் ஒருவருக்கு 4 டாலர்.

நடுவே கொரோனா வந்தது. ஊரடங்கு வந்தது. ஆய்வு நிற்கவில்லை. 2022 ஜூலை வரை குடும்பத்தாரைப் பின்தொடர்ந்து பார்த்ததில், அவர்களில் 218 பேருக்குக் காசநோய் வந்திருந்தது. உணவு பெற்ற குடும்பங்களில் எல்லா வகைக் காசநோயும் சேர்த்து 39 சதவீதம் குறைவு. பிறருக்குப் பரவக்கூடிய, சளியில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம் குறைவு. முப்பது குடும்பங்களுக்கு உணவு கொடுத்தால் ஒருவரைக் காசநோயிலிருந்து காக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்குச் சொன்னார்கள். காசநோய்க்கு ஒரு நல்ல தடுப்பூசி கிடைக்காதா என்று உலகமே காத்திருக்கும் நேரத்தில், அதற்கு நிகரான பலன் மளிகைக் கடைப் பொருளில் இருந்து கிடைத்திருக்கிறது.

நோயாளிகளைப் பற்றிய முடிவுகள் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் தனியாக வந்தன. அவற்றைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. 2,800 பேரில் ஐந்தில் நால்வர் எடை குறைந்தவர்கள். ஆண்களின் சராசரி எடை 42.6 கிலோ. பெண்களின் சராசரி 36.1 கிலோ. ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண் ஆரோக்கியமாக இருக்க வேண்டுமானால் குறைந்தது 42, 43 கிலோவாவது வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு மருந்தோடு உணவும் கிடைத்தபோது, 94 சதவீதத்தினருக்குச் சிகிச்சை வெற்றி பெற்றது. இன்னும் முக்கியமான ஒரு கணக்கும் இருக்கிறது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. 42 கிலோ மனிதருக்கு ஐந்து சதவீதம் என்றால் இரண்டு கிலோவுக்குச் சற்றே கூட. அந்த இரண்டு கிலோ ஏறுகிறதா என்பதை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஓர் எடை இயந்திரத்தை வைத்துப் பார்த்துவிடலாம்.

டிபி மாத்திரை சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களில் பசி திரும்பும். அகோரப் பசி என்பார்கள் நோயாளிகள். ‘மாத்திரை சூடு, பாலும் முட்டையும் இல்லாம தாங்காது’ என்ற பேச்சைத் தமிழ்நாட்டு மருத்துவமனை வராந்தாக்களில் சாதாரணமாகக் கேட்கலாம். கூலி வேலைக்குப் போக முடியாமல் முடங்கிய மனிதருக்குப் பசி திரும்பும்போது வீட்டில் பானை காலியாக இருந்தால், சிலர் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். ‘ஒழுங்காக மருந்து சாப்பிடாதவர்’ என்று கோப்பில் எழுதப்படும் சிலருடைய கதைக்குள் இந்தப் பசியும் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2022இல் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ ஒன்றைத் தொடங்கின. நோய் கண்டறியப்பட்டவுடனே ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள். உடல் நிறைக் குறியீட்டெண் எவ்வளவு, காலில் வீக்கம் இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா. குறியீட்டெண் 14 அல்லது அதற்குக் கீழே என்றால், வேறு எதுவும் இல்லாவிட்டாலும், அவரை மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறது வழிகாட்டுதல். காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதத்திலேயே நேர்ந்துவிடுவதால் இந்த அவசரம். ஒரு செவிலியரோ களப்பணியாளரோ ஆய்வகம் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை இது. எழுந்து நிற்கச் சொல்லிப் பார்ப்பதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. கடுமையாக மெலிந்தவருக்கு ஒரே நாளில் நிறையச் சாப்பாடு கொடுத்தால் இரத்தத்தில் உப்புச்சத்துகள் தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அத்தகையவருக்கு மருத்துவமனையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டமேற்றுவதே சரி.

ஜார்க்கண்டின் பாடத்தை அப்படியே இங்கே ஒட்டிவிடவும் முடியாது. தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த காசநோய் அலகுகளில் நடத்தி 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், காசநோயாளிகளில் நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இன்னொரு கால் பங்கினர் நீரிழிவின் வாசலில் நின்றார்கள். மெலிந்த உடலும் சர்க்கரையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும் நிலை இங்கே அபூர்வமில்லை. அவருக்கு அரிசியைக் கூட்டுவதைவிடப் பருப்பு, கடலை, முட்டை, மீன் என்று புரதத்தைக் கூட்டுவதே பொருத்தம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடும்பத்தாருக்குக் கொடுக்கும் நோய்த்தடுப்பு மாத்திரைகளுக்கு உணவு மாற்று ஆகாது. மாத்திரையும் வேண்டும், சாப்பாடும் வேண்டும்.

மத்திய அரசு 2018 ஏப்ரலில் தொடங்கிய நிக்ஷய் போஷண் திட்டத்தின்படி நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் போட்டார்கள். 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். வரவேற்க வேண்டிய உயர்வு. எடை குறைந்த நோயாளிகளுக்கு இரண்டு மாதம் சத்துணவு கொடுக்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. ஆனால் ரேஷன்ஸ் ஆய்வில் நோயைத் தடுத்தது நோயாளியின் கணக்கில் விழுந்த பணம் இல்லை. வீட்டில் இருந்த ஒவ்வொருவர் பெயரிலும் கைக்கு வந்து சேர்ந்த அரிசியும் பருப்பும் அது. குடும்பத்தாருக்கும் உணவுப் பொட்டலம் உண்டு என்று 2024 அக்டோபரில் அறிவித்தபோது, அந்தப் பொறுப்பை ‘நிக்ஷய் மித்ரா’ என்ற நன்கொடையாளர்களிடம் விட்டார்கள். நல்ல மனிதர்கள் தருகிறார்கள், அவர்களுக்கு நன்றி. இருந்தாலும், ஒரு தொற்றுநோயைத் தடுக்கும் வழி என்று நிரூபணமான ஒன்று ஓர் ஊரில் புரவலர் கிடைத்தார், பக்கத்து ஊரில் கிடைக்கவில்லை என்ற நிலையில் நிற்பது முறையாகாது. தடுப்பூசியை அப்படி யாரும் விநியோகிப்பதில்லை.

தமிழ்நாட்டில் இதற்கான வழி தெருமுனையிலேயே இருக்கிறது. அனைவருக்குமான பொது விநியோகத் திட்டம் இங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. அரிசி அட்டைக்காரர்களுக்கு அரிசி இலவசம். ஆனால் துவரம்பருப்பு அட்டைக்கு மாதம் ஒரு கிலோதான். ஜார்க்கண்டில் ஒவ்வொரு தலைக்கும் ஒன்றரைக் கிலோ கொடுத்தார்கள். ஐந்து பேர் வாழும் வீடு என்றால் ஏழரைக் கிலோ. காசநோயாளி இருக்கும் வீட்டின் குடும்ப அட்டையில் ஆறு மாதத்துக்கு இந்தக் கூடுதல் பருப்பைச் சேர்ப்பதற்குப் புதிய துறையோ புதிய கிடங்கோ தேவையில்லை. வீட்டில் காசநோய் இருப்பது கடை வரிசையில் நிற்கும் அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாத வகையில் மட்டும் அதைச் செய்தாக வேண்டும்; இந்த நோயின் பெயரால் கல்யாணங்கள் நின்றுபோன ஊர்கள் இங்கே உண்டு. நோயாளியின் சிகிச்சை அட்டையில் எடையை எழுத இடம் இருக்கிறது. அதே நாளில் அந்த வீட்டின் மற்ற எல்லோரையும் எடை இயந்திரத்தில் ஏற்றி, குறைந்திருப்பவர் பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்த மாதச் சரக்கிலிருந்தே அவர்களுக்குப் பருப்பு போய்ச் சேர ஆணையிட வேண்டிய இரு துறைகள் சுகாதாரமும் உணவும்.